கழுத்து யார் பொறுப்பு

மனிதனுக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பது, தலையும் உடம்பும் ஒன்றையொன்று தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நலத்துறையில் உட்கார்ந்து டெண்டர் எழுதியவர்களுக்கு மட்டும் அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

அதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஏதோ நடந்தது. ஊரில் ஒண்டியாகக் கிடக்கிற நோயாளிகளின் வீட்டுக்கு நலத்துறையிலிருந்து ஆள் வரும். மாத்திரை எடுத்துக் கொடுக்கும், குளிக்க வைக்கும், புலம்பலைக் கேட்கும், பதிலுக்குத் தன் வீட்டுப் புலம்பலையும் கொஞ்சம் கொட்டிவிட்டுப் போகும். அப்படிப் போய்வந்த ஒருத்தியைத்தான் அந்தத் தெருக்களில் 'நலக்காரம்மா' என்று கூப்பிட்டார்கள். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. வீட்டில், சரக்கு வண்டி ஓட்டி முதுகெலும்பு நழுவிப் படுத்துவிட்ட புருஷன். நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம் படிக்கிற மகள். நலக்காரம்மாவின் வேலைதான் அந்த வீட்டுக்கு அச்சாணி.

ஒருநாள் அரசாங்கத்துக்குத் திடீரென்று ஒரு தெளிவு பிறந்தது. அரசின் வேலை ஆளுவது. ஆளைக் குளிப்பாட்டுவது அல்ல. உடனே நலப்பணியை வெளியாருக்கு விடுவது என்று முடிவாயிற்று. ஒரே கம்பெனிக்குக் கொடுத்தால் பாரபட்சம் என்பார்கள் என்று இரண்டாகப் பிரித்தார்கள். கழுத்துக்கு மேற்பட்ட பணிகள், அதாவது மாத்திரை, பேச்சு, ஆறுதல், முகச்சவரம், ஒரு கம்பெனிக்கு. கழுத்துக்குக் கீழ்ப்பட்ட பணிகள், அதாவது குளியல், துணிமணி, புண், நடைப்பயிற்சி, இன்னொரு கம்பெனிக்கு. இரண்டுக்கும் அழகான நீளமான பெயர்கள் உண்டு. தெருவில் யாரும் அவற்றை மெனக்கெட்டுச் சொல்லவில்லை. மேல் கம்பெனி, கீழ் கம்பெனி என்று சொல்லிக்கொண்டார்கள்.

நலக்காரம்மா, பழைய அலுவலகத்தின் மேஜை நாற்காலிகளோடு சேர்த்து, மேல் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

முதல் நாள் கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் பேசினார். முன்பு குளிர்பானம் விற்றவர். பேசும்போது மேடையில் நடந்துகொண்டே இருப்பார். எங்கேயோ அவசரமாகப் போகவேண்டியவர் நமக்காக நின்றுவிட்டுப் போகிறார் என்று தோன்றும்.

"எங்களுக்கு மனுஷங்கதான் முக்கியம். அதனாலதான் அவங்க எண்ணிக்கையக் குறைக்கிறதுக்கு ராப்பகலா உழைக்கிறோம்" என்றார். "இன்னிக்கி ஆயிரம் பேரப் பாத்துக்கறோம்னா அது தோல்வி. அடுத்த வருஷம் நூறு பேர்தான் மிச்சம்னா அது வெற்றி. மீதி தொள்ளாயிரம் பேர் எங்கன்னு கேக்கறீங்களா? கேக்காதீங்க. அதுதான் நம்பிக்கை."

கைதட்டல். நோயாளி என்ற சொல் அன்றோடு ஒழிந்தது. சுயசார்பை நோக்கிப் போகிறவர்கள் என்பதால் எல்லோரும் இனிப் 'பயணிகள்'. குணமாகிப் போனால் 'சேர்ந்துவிட்டார்'. செத்துப்போனால்? பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். அதுவும் ஒருவகையில் சேர்வதுதான் என்று இயக்குநர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

நலக்காரம்மாவின் பயணிகளில் ஒருவர் உண்மையாகவே பஸ்ஸில் காலத்தைக் கழித்தவர். ஓய்வுபெற்ற கண்டக்டர். பெண்டாட்டி போன மறு வருஷம் வலது பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் போய், வாயும் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. நல்ல கை என்று இடது கையைச் சொல்வார்கள், அதுவும் பெயருக்குத்தான். பஸ் கம்பியில் தொங்கித் தொங்கித் தோள்மூட்டு தேய்ந்து, கை மார்புக்கு மேல் ஏறாது. மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. கட்டில், கட்டிலுக்கு எட்டுகிற தூரத்தில் தண்ணீர்ப் பானை, பெண்டாட்டியின் படம், ஒரு ரேடியோ. இவ்வளவுதான் உடைமை. வாய் கோணியதே தவிர அதிலிருந்து வருகிற பேச்சு கோணவில்லை.

"என்னம்மா, என்னையும் பயணி ஆக்கிட்டாங்களாமே? ஆயுசு முழுக்க நான் ஜனங்கள ஏத்தி இறக்கினேன். இப்ப என்ன ஏத்திட்டாங்க. எங்க இறக்கி விடுவாங்கன்னு கேட்டியா?"

"சுயசார்புலயாம்."

"அது எந்த ஸ்டாப்பு? என் ரூட்ல இல்லயே."

அவள் சிரித்துவிட்டு மாத்திரையை எடுத்து வைத்தாள். சிரித்தது அன்றோடு சரி.

மேல் கம்பெனி ஒவ்வொருவர் கையிலும் ஒரு போனைக் கொடுத்திருந்தது. பயணியின் வீட்டை விட்டுக் கிளம்புமுன் போனை அவர் முகத்துக்கு நேராகக் காட்ட வேண்டும். முகத்தில் சந்தோஷம் எவ்வளவு என்று அதுவே பார்த்துச் சொல்லிவிடும். கண்டக்டர் முகத்தைக் காட்டியதும் போன் சிவந்தது. 'பயணி ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறார். பணியாளரின் அணுகுமுறை ஆய்வுக்கு உரியது.' மறுநாளும் அதே. தொங்கிய வாய்க்கு எங்கே போவது? நலக்காரம்மாவைக் கருணைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

பயிற்சி கொடுத்தது செல்போன் கடைச் சிப்பந்திகளுக்குப் புன்னகை கற்றுக்கொடுத்த ஒருவன். அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே கிடையில் கிடந்தவர்களைப் புரட்டிப் படுக்கவைத்தவர்களை வரிசையாக உட்கார வைத்து, "தலையக் கொஞ்சம் சாய்ங்க. இன்னும். ஆங். இதுதான் பரிவு. நிமிந்தா அது வெறும் கவனிப்பு" என்றான். அந்தச் சாய்விலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்து நலக்காரம்மாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மறுநாள் கண்டக்டர் வீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா சுளுக்கா?"

"பரிவு."

விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர் சற்று யோசித்தார். பிறகு தலையை நன்றாகக் குனிந்து, இடது கை ஆள்காட்டி விரலை வாயின் தொங்கிய ஓரத்துக்குக் கொண்டுபோய் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். "இப்பக் காட்டு." போன் பச்சையாக மாறியது. 'பயணி மகிழ்ச்சியாக இருக்கிறார்.' அன்று முதல் ஒவ்வொரு முறையும் அவள் போனை எடுத்ததும் அவர் விரலை எடுப்பார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்குவாள். முதல் கூச்சம் அங்கேதான் ஆரம்பித்தது. ஆனால் கூச்சம் என்பது ஈரச் செருப்பு மாதிரி. கொஞ்ச தூரம் நடந்தால் பழகிவிடும்.

அப்போதுதான் கண்டக்டருக்குக் கழுத்தில் கட்டி வந்தது.

பிடரியில், சட்டைக் காலர் உரசுகிற இடத்தில். முதலில் பட்டாணி அளவு. பிறகு சீழ் கட்டிப் பழுத்து உடைந்தது. வாரம் ஒருமுறை குளிப்பாட்ட வரும் கீழ் கம்பெனி ஆளிடம் நலக்காரம்மா சொன்னாள். பழைய பளுதூக்கும் வீரர் அவர். நல்ல மனுஷன், பயந்த சுபாவம். கட்டியைத் தூர நின்றே பார்த்தார்.

"கழுத்து எங்களுது இல்லக்கா. கழுத்துக்குக் கீழன்னுதான் எழுதியிருக்கு. கழுத்தத் தொட்டா என் சீட்டக் கிழிச்சிடுவாங்க."

அவள் தன் கிளை மேலாளரைக் கேட்டாள். அவர் ஒப்பந்தத்தைப் புரட்டினார். "கழுத்துக்கு மேல. கழுத்து இல்லம்மா. கழுத்துக்கு மேல. நாம கழுத்த எடுத்துக்கிட்டா, நாளைக்கு தோளையும் நம்ம தலையில கட்டிடுவான்."

"அப்ப கழுத்து யார் பொறுப்பு சார்?"

மேலாளர் நாற்காலியில் சாய்ந்து, நெடுநாள் யோசித்த தத்துவம் போலச் சொன்னார்: "அது பயணியோட சொந்தப் பொறுப்பு."

விவகாரம் நலத்துறைக்குப் போயிற்று. துறையில் இணை இயக்குநர் என்று ஓர் அதிகாரி இருந்தார். நலப்பணி முழுவதும் வெளியே போய்விட்டதால், வெளியே போன பணிகளைக் கண்காணிக்க அவருக்குக் கூடுதலாக ஒரு மாடி கட்டித் தந்திருந்தார்கள். அங்கே கழுத்தைப் பற்றிப் பல அமர்வுகள் நடந்தன. கழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? டாக்டர் ஒன்று சொன்னார், வக்கீல் ஒன்று சொன்னார். கடைசியில் சீருடை தைக்கிற டெய்லர் ஒருவரை அழைத்துக் கேட்டு, சட்டைக் காலர்தான் எல்லை என்று முடிவு செய்தார்கள். காலருக்கு மேலே மேல் கம்பெனி, காலருக்குக் கீழே கீழ் கம்பெனி. காலருக்கு அடியில் இருப்பது? அது குறித்துத் தனிச் சுற்றறிக்கை வரும் என்று சுற்றறிக்கை வந்தது.

கண்டக்டரின் கட்டி காலருக்கு அடியிலேயே இருந்தது. நாற்றம் எடுக்கத் தொடங்கியது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. ஒருநாள் நலக்காரம்மா கதவைச் சாத்தினாள். வெந்நீர் வைத்தாள். மகளின் பையிலிருந்து எடுத்துவந்த பஞ்சும் மருந்தும் வைத்துச் சீழைத் துடைத்துக் கட்டுப் போட்டாள். தினமும் மாத்திரை கொடுக்கிற சாக்கில் இதையும் செய்தாள். திருட்டுத்தனமாக ஒரு மனிதனின் கழுத்தைச் சுத்தம் செய்கிற பயம் எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் பஞ்சை மடியில் மறைத்தாள். காய்ச்சல் விட்டது. புண் வாடியது.

"உன் கைக்கு ஒரு குணம் இருக்கும்மா. வலிக்கவே இல்ல" என்றார் கண்டக்டர்.

"இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"பஸ்ஸுல எத்தன பேர் ரகசியத்தக் கேட்டவன் நான். இறங்கினதும் மறந்துடுவேன்."

வாயை மூடலாம், புண்ணை மூட முடியுமா? அடுத்த முறை வந்த குளியல்காரர் சுத்தமான கழுத்தைப் பார்த்து அரண்டுபோனார். தான்தான் எல்லை மீறியதாக ஆகிவிடுமோ என்று பயந்து, தன்னைக் காத்துக்கொள்ள மேலிடத்துக்கு உண்மையைச் சொல்லிவிட்டார். கீழ் கம்பெனி கொதித்தெழுந்தது. காலருக்கு அடியில் உள்ள பகுதி யாருக்கு என்று தீராத நிலையில், மேல் கம்பெனி ஆள் அங்கே அத்துமீறி நுழைந்து சுத்தம் செய்தது ஒப்பந்தத்தின் ஆன்மாவையே கொன்றுவிட்டது. விசாரணை வேண்டும். குற்றவாளியை வேலையை விட்டு நீக்க வேண்டும்.

விசாரணை கண்டக்டரின் அறையிலேயே நடந்தது. மாடிப்படிக்கு அடியில் மூன்று நாற்காலி போட்டதும் நிற்க இடமில்லை. இணை இயக்குநர் நடுவில். மேல் கம்பெனி மேலாளர் ஒரு பக்கம். கீழ் கம்பெனி மேலாளரான நறுக்குத் தெறித்தாற்போன்ற ஒரு பெண்மணி இன்னொரு பக்கம். நலக்காரம்மா தண்ணீர்ப் பானை ஓரமாக நின்றாள். கண்டக்டர் கட்டிலில், குனிந்த தலையோடு, பிடரி எல்லோருக்கும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

இணை இயக்குநர் டார்ச் அடித்துப் பார்த்தார். "சுத்தமாத்தான் இருக்கு" என்றார் வருத்தத்துடன்.

"அதத்தான் சார் சொல்றோம்" என்றாள் கீழ் கம்பெனிப் பெண்மணி. "அழுக்கா இருந்திருந்தா நாங்க புகாரே பண்ணியிருக்க மாட்டோம்."

"ஏம்மா, நீங்களா இதச் செஞ்சது?" என்று இணை இயக்குநர் நலக்காரம்மா பக்கம் திரும்பினார்.

நலக்காரம்மாவின் கண்முன் புருஷனின் படுக்கை வந்தது. மகளின் வெள்ளை உடுப்பு வந்தது. இத்தனைக்கும் அவள் செய்தது ஒரு மனிதனின் புண்ணைத் துடைத்தது. ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"இல்ல சார். நான் தொடவே இல்ல."

சொன்னபோது கண்டக்டர் பக்கம் பார்க்காமலிருக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரேடியோவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப யார் செஞ்சது? புண்ணு தானாவா துடைச்சிக்கிச்சு?"

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் சார். நானே தொடைச்சிக்கிட்டேன்."

மூன்று நாற்காலிகளும் திரும்பின.

"ஒத்தக் கையாலயா?"

"ஆமா சார். ஒரு கையால கம்பியப் புடிச்சிக்கிட்டே டிக்கெட் கிழிச்சவன் சார் நான். இது என்ன பெரிய வித்தையா?"

"செஞ்சு காட்டுங்க பாப்போம்."

கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையைத் தூக்கினார். மார்பைத் தாண்டவில்லை. தலையைக் குனிந்தார், தோளை நெளித்தார், நெற்றியில் வியர்வை துளிர்த்தது. விரல் நுனி காலரைத் தொட்டது. முன்பக்கக் காலரை. கண்டக்டர் கையை அப்படியே வைத்துக்கொண்டு, கோணவாயால் சிரிக்க முயன்றார்.

"போதும், போதும்" என்றார் இணை இயக்குநர். "காலர்தானே எல்லை? காலரத் தொட்டுட்டார். காலர்ல முன் காலர் பின் காலர்னு நம்ம சுற்றறிக்கையில பேதம் இல்ல." அந்த நிலையிலேயே படம் எடுத்துக்கொண்டார்கள்.

தப்பித்தோம் என்று நலக்காரம்மா நிமிர்ந்தாள். அப்போதுதான் மேல் கம்பெனி மேலாளர் எழுந்து நின்றார். அவர் கண்கள் பளபளத்தன.

"சார், இது குற்றம் இல்ல சார். இது சாதனை. யாராலயும் பாத்துக்க முடியாத எடத்த இவர் தானே பாத்துக்கிட்டார். இதுக்கு மேல என்ன சார் சுயசார்பு? இவர் சேர்ந்துட்டார் சார்!"

கீழ் கம்பெனிப் பெண்மணியும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சேர்ந்துவிட்ட பயணி இரண்டு கம்பெனிக்கும் பெருமை. அவருக்கு இனி மாத்திரைக்காரி வேண்டாம், குளியல்காரர் வேண்டாம். மூவரும் எழுந்து கண்டக்டரின் வராத வலது கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அன்று வீட்டில் நலக்காரம்மா சாப்பிடவில்லை. புருஷன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, படுத்தபடியே ஆறுதல் சொன்னான்.

"நீ என்ன பண்ணுவ? அவரா முன்வந்து சொன்னாரு. நீயா சொல்லச் சொன்ன? ஒரு வார்த்த பொய் சொல்லாதவன் இந்த உலகத்துல எவன் இருக்கான்?"

அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு உடம்பு கூசியது. மகள் பையைத் திறந்து, தீர்ந்துபோயிருந்த பஞ்சுக் கட்டுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை எடுத்து அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். புருஷனின் ஆறுதலையாவது தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக மேலாளரிடம் போனாள்.

"சார், கண்டக்டரால ஒண்ணும் முடியாது சார். அவரத் தனியா விட்டா புண்ணு திரும்பவும் சீழ் வெச்சிடும்."

"அப்படியா?" மேலாளர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கருணைப் பயிற்சியில் சொன்ன மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டார். "அவரால முடியாதுன்னா, அன்னிக்கி யார் செஞ்சது?"

சுவரில் நிர்வாக இயக்குநரின் படம் தொங்கியது.

"அவர்தான் சார்" என்றாள்.

"அப்ப முடியுது. போங்க, போய் விழாவுக்கு நல்ல சேலையா எடுத்து வைங்க."

விழா மண்டபத்தில் நடந்தது. கண்டக்டரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து, படியருகே வந்ததும் நாற்காலியை மறைத்துவிட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் தூக்கி மேடையில் நிறுத்தினார்கள். சொந்தக் காலில் நிற்பதாகப் படத்தில் வரவேண்டும். இணை இயக்குநர் பேசினார். "ஒரு காலத்துல அரசு இவர மாதிரி ஆளுங்க பக்கத்துலயே நின்னுச்சு. அதனால அவங்க நிக்கவே இல்ல. அரசு எப்ப விலகிச்சோ, அப்ப இவர் நின்னுட்டார். ஆகவே, நண்பர்களே, விலகுறதுதான் உண்மையான உதவி. இன்னும் விலகுவோம்!"

கண்டக்டருக்குக் கேடயம் கொடுத்தார்கள். நல்ல கனம், ஒற்றைக் கையால் பிடிக்க முடியாமல் மார்போடு அணைத்துக்கொண்டார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"நான் இன்னிக்கி இந்த எடத்துல நிக்கிறதுக்கு, என்னத் தூக்கிப் புடிச்சிருக்கிற இந்த ரெண்டு தம்பிங்கதான் காரணம். விட்டுடாதீங்கப்பா" என்றார்.

மண்டபமே சிரித்தது. முதல் வரிசையில் நல்ல சேலையோடு உட்கார்ந்திருந்த நலக்காரம்மாவால் சிரிக்க முடியவில்லை. புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கியதும் கண்டக்டர் அவளைத் தேடிப் பார்த்தார். விரலை வாயோரத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்; கை நிறையக் கேடயம். மன்னித்துக்கொள் என்பதுபோல அவளைப் பார்த்துத் தலையாட்டினார். மன்னிப்பா! அவள் காலடித் தரையைப் பார்த்தாள். அதில் மூழ்கிவிட முடியுமானால் மூழ்கியிருப்பாள்.

சேர்ந்துவிட்ட பயணியைப் பணியாளர் போய்ப் பார்ப்பது அவருடைய சுயசார்பைக் குலைக்கும் என்று விதி. நலக்காரம்மாவுக்கு இன்னும் மூன்று பயணிகள் அதே வட்டாரத்தில் இருந்தார்கள். கண்டக்டர் தெரு வழியாகப் போனால் நாலு எட்டு. அவள் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். யாராவது கேட்டால் நடை உடம்புக்கு நல்லது என்றாள்.

கம்பெனி அவளைச் சும்மா விடவில்லை. கண்டக்டரின் சாதனையை மற்றப் பயணிகளுக்கும் பரப்ப வேண்டும் என்று அவளைப் பயிற்சியாளராக்கினார்கள். ஒரு கையைக் கட்டிக்கொண்டு மறு கையால் சொந்தப் பிடரியைத் துடைப்பது எப்படி என்று சக பணியாளர்களுக்கு அவள் செய்து காட்ட வேண்டும். இடது கையை மார்புக்கு மேல் தூக்காமல். அவள் முன்பக்கக் காலரைத் தொட்டுக் காட்டினாள். எதிரே வரிசையாகப் பெண்கள் முன்பக்கக் காலரைத் தொட்டார்கள். அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஒரு தோழி மட்டும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, இது நடக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் மெதுவாக. "என் பயணி ஒரு கிழவிக்கு இதச் சொல்லிக் குடுத்தேன். முடியலன்னு அழுவுறா. கண்டக்டரே செஞ்சாராம், உனக்கென்ன கேடுன்னு நானே அவளத் திட்டினேன். திட்டினேன்டி!"

அன்று பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு நலக்காரம்மா நேரே நலத்துறைக்குப் போனாள். இணை இயக்குநர் முன்னால் நின்று ஒரே மூச்சில் சொன்னாள்: தொட்டது நான்தான், துடைத்தது நான்தான், பொய் சொன்னது நான்தான், அவர் பொய் சொன்னதும் எனக்காகத்தான், என் வேலை போனாலும் போகட்டும், அந்த மனுஷனுக்கு ஆள் அனுப்புங்கள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"அம்மா, உங்க பொய்யால ஒரு அறிக்கை வந்துது. அறிக்கையால ஒரு விழா. விழாவால ஒரு கொள்கை. அடுத்த வருஷம் நாடு முழுக்க வரப்போவுது. இப்ப வந்து உண்மையச் சொன்னா எப்படி? அன்னிக்கே சொல்லியிருந்தா உங்க ஒருத்தர் வேலையோட போயிருக்கும். இன்னிக்கிச் சொன்னா எத்தன பேர் வேலை போவும், யோசிச்சீங்களா? சுயநலமா இருக்காதீங்கம்மா."

அவர் தலையும் சாய்ந்தே இருந்தது. அந்தப் பயிற்சி துறைக்கும் வந்துவிட்டது போலும். யாரும் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. எந்த வேலைக்காகப் பொய் சொன்னாளோ, அதைத் தூக்கி எறியக்கூட அவளுக்கு வழி விடவில்லை.

அங்கிருந்து இறங்கியவள் மார்க்கெட்டைச் சுற்றவில்லை. நேரே போனாள்.

கதவைத் தட்டியதும் உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. "யாரு?"

"நான்தான்."

"நீ இங்க வரக்கூடாதேம்மா. யாராவது பாத்தா உன் பொழப்புல மண்ணு விழும். நான்தான் நல்லாயிட்டேனே. போ."

"கதவத் திறங்க."

"எதிர்வீட்டுக்காரி ரொட்டி குடுக்கறா. ஒரு குறையும் இல்ல. போம்மா."

"நீங்க திறக்கிற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

கால் இழுபடும் சத்தம் நெடுநேரம் வந்தது. தாழ்ப்பாள் விலகியது. அழுக்கேறிய சட்டையின் காலரை அவர் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். குளிர் என்றார். குளிரே இல்லை. அறையின் வாடையே மிச்சத்தைச் சொல்லிவிட்டது. கட்டிலுக்கு அடியில் கேடயம் கிடந்தது. கதவைத் தாங்கி நிறுத்த நல்லா உதவுது என்று அவசரமாகச் சொன்னார், அவள் கேட்காமலே.

"எதிர்வீட்டுலகூட நான் காட்டலம்மா" என்றார். காட்டிக்கொடுத்துவிட்டவர் போல அவர் குரல் தாழ்ந்தது. "வெளிய தெரிஞ்சா, அன்னிக்கி நான் சொன்னது பொய்யின்னு ஆயிடும். உன் பேரு வரும். அதான் மூடியே வெச்சேன். கொஞ்சம் பெருசாத்தான் ஆயிடுச்சு. நீ கோவிச்சுக்காத."

அவள் வெந்நீர் வைத்தாள். மகள் கொடுத்த பஞ்சுக் கட்டைப் பிரித்தாள். அவரைச் சுவர்ப் பக்கம் பார்த்து உட்காரவைத்துக் காலரை மெல்ல இறக்கினாள். சட்டையே புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நனைத்து நனைத்து எடுத்தாள். அவர் முனகாமல் ரேடியோவைப் பற்றிப் பேசினார், எதிர்வீட்டுக்காரியின் சண்டையைப் பற்றிப் பேசினார், இடையிடையே உன் வீட்டுக்காரர் முதுகு எப்படி இருக்கு என்று விசாரித்தார். சீழ் போயிற்று. ரத்தம் நின்றது. நாளைக்கு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றாள். சரி என்றார்.

புண் பிடரியில் இருந்தது நல்லதாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்க்காமலே வேலையை முடிக்கலாம். அப்படித் தோன்றியதற்காகவும் கூசினாள்.

"ஆயிடுச்சாம்மா? வலிக்கவே இல்ல. இப்படி முன்னாடி வந்து உக்காரு. உன்னப் பாத்து எத்தன நாளாச்சு."

"இதோ, இன்னும் கொஞ்சம்தான்" என்றாள் அவள். ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட இடத்தையே மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.